இரட்டையரில் பயந்தவள்

குன்னூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த சின்ன அறையில், கெஸியா பத்தொன்பது வருஷமாக மனிதர்களை ஊதச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதவில் நுரையீரல் பரிசோதனை என்று எழுதியிருக்கும். நோயாளிகளுக்கு அது ஊதுற ரூம். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயை வைத்து, “நல்லா இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விட்டுராதீங்க, ஊதுங்க” என்று அவள் போடும் சத்தம் மருந்து வாங்கும் வரிசை வரைக்கும் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் யாரையோ திட்டுகிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஊதுவதற்கு முன் கம்ப்யூட்டரில் மூன்று விஷயம் போட வேண்டும்: வயது, உயரம், ஆணா பெண்ணா. அதை வைத்து, இந்த ஆள் இவ்வளவு ஊதியிருக்க வேண்டும் என்று அது ஒரு எண்ணைக் காட்டும். ஆண்கள் பெரும்பாலும் பந்தயத்துக்கு வந்தவர்களைப் போல முதல் நொடியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, எப்படி என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பெண்கள் வாயைத் திறக்கவே கூசுவார்கள். ஒரு அந்நிய அறையில் இத்தனை சத்தமாக மூச்சு விடலாமா என்று முந்தானையைத் தேடுவார்கள். ஆனால் இப்படிப் பிரித்துவிட முடியாது என்று கெஸியாவுக்குத் தெரியும். தேவாலாவிலிருந்து வந்த கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, நுரையீரலில் பாதி வேலை செய்யாதவள், ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு “அவ்ளோதானா?” என்று பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். ஆறடி உயர ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருவர் மூக்கில் கிளிப் மாட்டியதுமே அழத் தொடங்கினார்.

கெஸியா அந்தப் போலீஸ்காரர் ஜாதி. காலையில் அரவேணுவிலிருந்து பஸ் ஏறும் முன் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பாள். பஸ் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் அவள் மூச்சு மேல் நெஞ்சில் நின்றுவிடும். கைப்பையில் எப்போதும், மூச்சு வாங்கும்போது வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் மருந்துக் குப்பி, இரண்டு பஃப் இருக்கும், ஒன்று காலியானால் இன்னொன்று வேண்டுமே என்று. அவளுக்கு ஏழு வயதிலிருந்து ஆஸ்துமா.

அவளோடு பிறந்த ஜெர்சனுக்கும் ஏழு வயதிலிருந்துதான். இரட்டையர். அவள் பதினோரு நிமிஷம் முந்திப் பிறந்ததற்காக அவன் கடைசி வரைக்கும் அவளை அக்கா என்றே கூப்பிட்டான். ஒரே வயிறு, ஒரே குளிர், ஒரே நோய். ஆனால் இளைப்பு வந்தால் கெஸியா இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு ‘செத்துருவேன்’ என்பாள். ஜெர்சன் அதே இளைப்போடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிப்போனால் அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒன்றுதான்: “இந்தப் பொண்ணுக்கு அவ்வளவா இல்லயே. இவனுக்குத்தான் அதிகமா இருக்கு.” அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் தைரியசாலி, பெண் பயந்தாங்குளி என்று முடிவாகிவிட்டது. கல்யாணமாகிப் போன பிறகும் அந்தப் பேர் அவளோடு போனது. அவள் கணவன் ஹெர்பர்ட், கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவர், நல்ல மனுஷன். ஆனால் விருந்தாளிகள் வந்தால் அவரும் சொல்வார்: “எங்க ஊட்டுல கேலண்டர் கிழிச்சாலும் இவளுக்கு மூச்சு வாங்குமுங்க.”

ஜெர்சன் ஜெகதளா பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் காலை பத்து மணிக்கே சன்னல் வெளிச்சம் பழுப்பாக இருக்கும். மற்றவர்கள் முகத்தில் துண்டு கட்டிக்கொள்வார்கள். அவன் கட்டமாட்டான், பேசுவதற்கு இடைஞ்சலாம். எல்சாவைக் கட்டி, ஜாய்ஸ் என்று ஒரு மகள். சர்ச்சில் கிறிஸ்மஸ் நாடகம் என்றால் அவன்தான் ஏரோது ராஜா. அரை மணி நேரம் ஒரே குரலில் கர்ஜித்துவிட்டு இறங்கி வந்து பிரியாணி அண்டாவைத் தூக்குவான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று பிப்ரவரியில் கோயமுத்தூரிலிருந்து டாக்டர் சசிரேகா என்பவர் ஒரு ஆராய்ச்சிக்காக வந்தார். மூச்சின் மேல் மனிதர்களுக்கு இருக்கும் பிடி ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அதில் ஆண் பெண் என்பதற்கு எவ்வளவு பங்கு, அவரவர் சுபாவத்துக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதுதான் வேலை. மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள் வருவார். உதவிக்குக் கெஸியாவைக் கேட்டார்கள்.

முதலில் ஒரு கேள்வித்தாள். புது ஆட்களிடம் சுலபமாகப் பேசுவீர்களா, சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவீர்களா, இப்படி நாற்பது கேள்வி. பிறகு மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். கடைசியில் ஒரு குழாய். அதன் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டர் அதன் துவாரத்தை ஒவ்வொரு படியாகச் சிறிதாக்குவார். ‘எவ்வளவு கஷ்டமா இருக்கு’ என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை விரலால் காட்ட வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களும் வேண்டும் என்றார்கள். கெஸியா தன் பெயரைக் கொடுத்தாள். இரட்டையன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் டாக்டர் சசிரேகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“கூட்டிட்டு வாங்க கெஸியா. இது மாதிரி எனக்குக் கிடைக்காது.”

ஜெர்சன் ஒரு வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தான். கேள்வித்தாளைப் பத்து நிமிஷத்தில் முடித்தான். கவலைப்படுவீர்களா என்ற கேள்விக்கு எதிரில், ‘அதுக்கு அக்கா இருக்கு’ என்று எழுதி வைத்தான். மூச்சை ஒரு நிமிஷம் பதினெட்டு நொடி அடக்கினான். கெஸியாவுக்கு வந்தது இருபத்தொரு நொடி.

குழாய் டெஸ்டில் கெஸியா இரண்டாவது படியிலேயே ஏழு விரல் காட்டியிருந்தாள். நான்காவதில் கையை உதறி வாயிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டாள். ஜெர்சன் நான்காவது படியிலும் விரலை மடக்கிப் பூஜ்யம் காட்டினான். ஆறாவதில் ஒன்று. அவன் கழுத்து நரம்பு புடைத்து, தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிறவன் முகம். டாக்டர் தானாகவே நிறுத்தினார்.

“ஏனுங்க டாக்டர், அவ்ளோதானா? இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க பாக்கலாம்,” என்றான்.

கெஸியாவுக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஜெர்சன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் போன பிறகு டாக்டர் சசிரேகா பேப்பரை மூடி வைத்தார்.

“யாரு ரிசல்ட்டையும் வெளிய சொல்லக்கூடாதுன்னு எனக்கு விதி இருக்கு. ஆனா நீங்க எதிர்லயே இருந்து பாத்துட்டீங்க,” என்றார். “உங்களப் பத்தி எனக்குக் கவலையில்ல கெஸியா. உங்களுக்கு மூச்சு கொஞ்சம் கொறஞ்சாலும் உடனே தெரியும், ஓடிப்போய் மருந்து எடுப்பீங்க. அவருக்கு அந்த மணி அடிக்கறதே இல்ல. உள்ள அடைச்சுக்கிட்டே போனாலும் அவருக்குத் தெரியாது. இது தைரியம் இல்ல.”

“ஆம்பளைங்கறதாலயா டாக்டர்?”

“அப்படின்னு சொல்லத்தான் எல்லாருக்கும் ஆச. போன வாரம் ஒரு பொம்பளையும் இதே மாதிரிப் பூஜ்யம் காட்டினாங்க. ஒரு வாத்தியாரு உங்களவிட வேகமாக் கொழாயப் புடுங்கினாரு. எதனாலன்னு தெரிஞ்சா நான் ஏன் மலையேறி வர்றேன்?”

அந்த ஞாயிற்றுக்கிழமையே கெஸியா ஜெகதளாவுக்குப் போனாள். கையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், சாண் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கருவி. ஊதினால் முள் ஏறி மூச்சின் வேகத்தைக் காட்டும். உடம்பு சொல்லாததை அது சொல்லும் என்று விளக்கினாள். எல்சாவை உட்காரவைத்து, முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்தால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். தினமும் எடுக்க வேண்டிய பழுப்பு பஃப்பை அவன் எட்டு மாதமாக எடுக்கவில்லை என்பதும், அவசரத்துக்கான நீல பஃப் மாதத்துக்கு இரண்டு தீர்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

“டேய், இது தப்புடா. உனக்கு உள்ளுக்குள்ள சரியில்ல.”

ஜெர்சன் மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்தான். “அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா. உனக்குத்தான் என் பேர்ல மூச்சு வாங்குது.”

எல்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெஸியாவும் சிரித்துவிட்டாள். அவன் முன்னால் யாராலும் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஒரு மாதம் ஊதினான். எல்சா நோட்டில் எழுதினாள். மே மாதம் ஃபேக்டரியில் சீசன் வந்ததும் விட்டுப் போயிற்று.

அக்டோபரில் ஒரு மழை நாளில் கெஸியா அவனுக்குப் போன் செய்தபோது அவன் எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தாள். ஃபேக்டரிக்கு அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு நெஞ்சு அடைத்தது. டாக்ஸிக்கார ரமேஷ்குமாரைக் கூப்பிட்டு, அதற்குள் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்துவிட்டாள். இரண்டு வண்டியும் ஃபேக்டரி கேட்டில் ஒன்றன் பின் ஒன்றாகப் போய் நின்றபோது ஜெர்சன் கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். போன் சார்ஜில் இருந்தது. அவள் அழுது, பிடித்து இழுத்து, ஆம்புலன்ஸிலேயே ஏற்றி கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு. அவளுக்குத்தான் கைகால் விறைத்து, பெட்டில் படுக்கவைத்து மாஸ்க் போட்டார்கள். கூட வேலை பார்க்கும் நர்ஸுகள் திரையை இழுத்துவிட்டுச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. ஃபேக்டரியில் ஜெர்சனுக்கு ‘ஆம்புலன்ஸ்’ என்று பேர் விழுந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. வெளியே வரும்போது அவள் தோளில் கை போட்டு, “நாளைக்கு ஃபயர் சர்வீஸையும் கூப்பிட்டுக்கலாம், உடு,” என்றான்.

வேலை முடிந்து போய்விட்டிருந்த டாக்டர் சசிரேகா எதற்கோ போன் செய்தபோது கெஸியா இதைச் சொல்லி அழுதாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பயம் வரும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். இப்படிப் பத்து நிமிஷம். “நிஜமான ஆபத்துன்னா அதுக்கப்புறமும் பயம் நிக்கும். உங்க மனசு உண்டாக்கினதுன்னா கரைஞ்சு போயிடும். அப்ப முடிவெடுங்க.”

கெஸியா தினமும் பஸ்ஸில் அதைச் செய்தாள். முதலில் இரண்டு சுற்றுக்கு மேல் முடியவில்லை. நவம்பர் கடைசியில் வளைவுகள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்தாள். கேஸ் அடுப்பை ஒரே தடவை பார்த்துவிட்டு வீட்டை விட்டு இறங்கினாள். ஹெர்பர்ட் அதை சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில் தன் மூச்சின் மேல் தனக்கே ஒரு பிடி கிடைத்ததில் அவள் நடையே மாறியிருந்தது என்று கூட வேலை பார்ப்பவர்கள் இப்போதும் சொல்கிறார்கள்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக உறைபனி. காலை ஒன்பது பத்துக்கு, நோயாளிகள் வருவதற்கு முன், கெஸியா வழக்கம்போல் தம்பிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் வீட்டு டிவி சத்தம் கேட்டது.

“என்னடா, வேலைக்குப் போகல?”

“இல்லக்கா... லீவு... போட்டேன்.”

“ஏன்?”

“சும்மாதான்... சளி... ஒண்ணுமில்ல... நீ டீ... குடிச்சியா?”

பத்தொன்பது வருஷம் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்த காது அது. ஒரு மூச்சுக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. சிரிப்பு அப்படியே இருந்தது, சொற்கள்தான் உடைந்து வந்தன. அவன் லீவு போடுகிறவனே இல்லை.

“எல்சாகிட்டக் குடு.”

எல்சாவின் குரல் சாதாரணமாக இருந்தது. “அண்ணி, நேத்துல இருந்து இருமல். இப்ப டீ குடிச்சுட்டு டிவி பாத்துட்டு இருக்காரு. நல்லாத்தான் இருக்காருங்க.”

“அந்த மீட்டர்ல ஊதச் சொல்லு.”

“அது எங்க கெடக்குதோ. தேடிப் பாக்கறன் அண்ணி. நீங்க பதறாதீங்க.”

போனை வைத்ததும் அவளுக்குள் பழைய பயம் எழுந்தது. விரல் ரமேஷ்குமாரின் நம்பர் மேல் போய் நின்றது. அழுத்தியிருந்தால் இருபத்தைந்து நிமிஷத்தில் ஜெகதளாவில் இருந்திருப்பாள். அப்போது அவளுக்கு ஃபேக்டரி கேட்டில் நின்ற இரண்டு வண்டியும், திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பும் நினைவுக்கு வந்தன.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நான்கு எண்ணி இழுத்தாள். ஆறு எண்ணி விட்டாள். மூன்றாவது நிமிஷத்தில் தோள் இறங்கியது. பத்து நிமிஷம் முடிந்து கண்ணைத் திறந்தபோது பயம் இல்லை. அவளே ஆச்சரியப்பட்டாள். அப்படியானால் இது நம் மனசு உண்டாக்கியதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

வெளியே முத்துவேல் என்ற பழைய லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை ஊதியும் சரியாக வரவில்லை. நான்காவது தடவைக்கு அவருக்கு ஓய்வு கொடுத்து, சுடுதண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அன்று அவள் சத்தமே போடவில்லை. அவருக்குப் பின் இன்னொருவர். பிறகு ஒரு பெண்.

பதினொன்று ஐந்துக்கு எல்சா கூப்பிட்டாள். பேச்சு வரவில்லை, அலறல்தான் வந்தது. ஜெர்சன் பாத்ரூமுக்கு எழுந்து போனவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உதடு நீலமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு ஜீப்பில் கொண்டு வந்தார்கள். கெஸியா கேஷுவாலிட்டி வாசலில் இரண்டு கையிலும் பஃப்பை வைத்துக்கொண்டு நின்றாள். ஜீப்பிலிருந்து இறக்கும்போதே தெரிந்துவிட்டது. அப்படியும் உள்ளே அரை மணி நேரம் முயன்றார்கள். இளம் டாக்டர் வெளியே வந்து, வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொன்னபோது அவள் மூச்சு அதே நான்கும் ஆறுமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

அடக்கத்துக்கு ஃபேக்டரி முழுக்க வந்திருந்தது. கஷ்டப்படாமல் போய்விட்டான், கொடுத்துவைத்த சாவு என்று பலரும் சொன்னார்கள். அவன் கஷ்டப்பட்டான், அவனுக்கே தெரியாமல் கஷ்டப்பட்டான் என்று கெஸியாவுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் நாடகத்தில் அந்த வருஷம் ஏரோது இல்லை. ஆறு நாளில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது எல்சா அவள் எதிரில் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். குரல் மட்டும் தணிந்து இருந்தது.

“உங்களுக்குப் போன்லயே தெரிஞ்சுதா அண்ணி?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் வரல?”

கெஸியாவால் பொய் சொல்ல முடியவில்லை. “என்னய நானே நம்பல எல்சா.”

“சும்மா இருந்தப்பல்லாம் ஓடியாந்தீங்க,” என்றாள் எல்சா. பிறகு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு மூன்று மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கெஸியா இரண்டு மாதத்துக்கு மேல் லீவில் இருந்தாள். ஹெர்பர்ட் சமைத்துப் போட்டார். விருந்தாளிகளிடம் சொல்லும் கேலண்டர் கதையை அதோடு விட்டுவிட்டார். மூச்சு விடுவதையே அவள் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். கவனித்தால் அது தடுமாறும். தடுமாறினால் அன்றைக்கு ஏன் தடுமாறவில்லை என்ற கேள்வி வரும். பயத்தைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தாள். கேஸைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். பயம் வரவில்லை. ஹெர்பர்ட்தான் வந்து மூடினார். அன்றைக்கு அவர் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார்.

பிப்ரவரியில் டாக்டர் சசிரேகா அரவேணு வீட்டுக்கே வந்தார். ஆராய்ச்சி முடிந்து அறிக்கை எழுதிவிட்டதாகச் சொன்னார். அறுபத்து நான்கு பேரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே வித்தியாசம் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. ஒரு ஆணுக்கும் இன்னொரு ஆணுக்கும் இடையே இருந்ததுதான் பெரிய வித்தியாசம். சுபாவத்தோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது, முழுசாகப் புரியவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் உங்களுக்குத் தப்பான மருந்து குடுத்துட்டேன் கெஸியா.”

“மருந்து நல்லா வேலை செஞ்சுதுங்க டாக்டர்,” என்றாள் கெஸியா. “பத்து நிமிஷத்துல பயம் போயிருச்சு. அதுதாங்க.”

டாக்டர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினாள். யாரையும் ‘எப்படி இருக்கு’ என்று இப்போது அவள் முதலில் கேட்பதில்லை. கழுத்தைப் பார்க்கிறாள், தோளைப் பார்க்கிறாள், பேச வைத்துக் கேட்கிறாள். ‘ஒண்ணுமில்லைங்க’ என்று சிரிக்கிறவர்களை இரண்டாவது தடவை ஊத வைக்கிறாள். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு நின்றபோது எல்சா பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க போன வெச்சதும் மீட்டர எடுத்துட்டு வந்தனுங்க அண்ணி. அலமாரிக்குப் பின்னாடி கெடந்துச்சு. ஊதினாரு. சிவப்புக்குக் கீழதான் வந்துச்சு.”

கெஸியா திரும்பிப் பார்த்தாள்.

“போலாம்னு சொன்னன். ‘இப்பப் போனா அக்கா வேலைய உட்டுட்டு ஓடியாரும், அப்புறம் அது மயங்கி உழும், எல்லாரும் சிரிப்பாங்க. இப்பத்தான் கொஞ்சம் நல்லாருக்குது. மத்தியானம் அது சாப்பாட்டுக்கு எந்திரிச்சதும் போலாம்’னாரு. எனக்கும் அவரப் பாத்தா ஒண்ணும் தோணல அண்ணி. சிரிச்சுட்டுத்தான் இருந்தாரு.” அவள் மெழுகு விரலில் வழிவதைத் துடைக்காமல் நின்றாள். “உங்களக் கேட்டுட்டன். என்னய யாரு கேக்கறது?”

கெஸியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டிசம்பரிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, தோட்டத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. மூச்சு இழுத்து இழுத்து நின்றது. எல்சா தன் பையிலிருந்து நீல பஃப்பை எடுத்து அவள் வாயில் வைத்தாள். ஜெர்சனுடையது. அதை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை.

ஜூனில் எல்சா மகளோடு திருப்பூருக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். டீத்தூள் வாசமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கெஸியா வழியனுப்ப வந்தாள். ஜாய்ஸுக்குப் பன்னிரண்டு வயது. ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மலையிறங்கும்போது பள்ளம் தெரியுமாம். ஓட்டுகிறவர் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“வருஷத்துக்கு ஒரு தடவ இவள ஊத வெச்சுப் பாத்துரு எல்சா. அவன் மாதிரி இருந்துட்டா...”

“இல்லீங்க அண்ணி.” எல்சா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இவ உங்களாட்டம். தொட்டதுக்கெல்லாம் பயம். முன்னயெல்லாம் திட்டுவன். இப்பத் திட்டறதில்ல.”

பஸ் வளைவில் மறையும் வரை கெஸியா நின்றாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அன்றைக்கு ஊதுவதற்குப் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.